யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்

மாப்பிள்ளைக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யாருடைய ஃபைலாவது தொலைந்துபோனால் முதலில் அரை மணி நேரம் உபதேசம் செய்வார், பிறகுதான் தேடிக் கொடுப்பார். "பேக்கப் எடுக்காதவன் பாதி மனுஷன்" என்பது அவருடைய வேதவாக்கு. மாமனார் வீட்டிலும் அவருக்கு அதே மரியாதை. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால்கூட "மாப்பிள்ளையைக் கேளுங்க" என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர், ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, குடும்பத்துக்கென்று ஒரு கேம் சர்வர் போட்டார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. மாமனாரும் மாமியாரும் வேறு ஊர், மனைவியின் தங்கை வேறு நாடு. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் அந்த ஒரே உலகத்துக்குள் வந்துவிடுவார்கள். மாமனார் எழுபது வயதில் சுரங்கம் தோண்டினார். மாமியார் வளர்த்த கோழிகள் வேலி இல்லாமல் அந்தச் சுரங்கத்தில் போய் விழுந்தன. அதற்காக இருவரும் நிஜமாகவே இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மனைவியின் தம்பியை வீட்டில் உடைசல் என்பார்கள். சின்ன வயதில் அவன் கைபட்டு உடையாத சாமானே கிடையாது என்று மாமியார் அலுக்காமல் சொல்வார். இப்போது அவன் பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதை மட்டும் யாரும் சொன்னதில்லை. அந்த உடைசல்தான், டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து போனிலேயே விளையாடி, ஏழு மாதத்தில் எல்லார் வீட்டையும் இணைத்துத் தண்டவாளம் போட்டிருந்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிறுத்தம், ஒரு பலகை. வண்டி அடுத்த வீட்டுக்கு எத்தனை நிமிஷத்தில் போகும் என்றுகூட அதில் எழுதியிருந்தான். அந்த உலகத்தில் அவனைவிட அதிகம் உழைத்தவர் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தனையும் போயிற்று. மாப்பிள்ளை எதையாவது செய்து பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சோதனை உலகம் வைத்திருந்தார். ஒரு குடிசை, நாலு மரம், அவ்வளவுதான். டிஸ்கில் இடம் போதவில்லை என்று அதை அழிக்க உட்கார்ந்தவர், மேலதிகாரியோடு போனில் பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். அது குடும்பத்தின் உலகம். அப்போதும் அவர் பதறவில்லை, தினமும் தானாக எடுக்கும் பேக்கப் இருக்கிறதே. திறந்தார். ஒரு குடிசை, நாலு மரம். முந்தின நாளுடையதைத் திறந்தார். ஒரு குடிசை, நாலு மரம். ஏழு மாதமாக அது ஒரு நாள் தவறாமல் சோதனை உலகத்தைத்தான் நகல் எடுத்திருந்தது. முதல் நாள் ஏற்பாடு செய்ததோடு சரி, அவர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் விடிகாலை டிரிப் இந்தப் பக்கம் என்று மைத்துனன் அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து தங்கினான். காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டான். மாப்பிள்ளை மாடிப்படிக்குக் கீழே பார்த்தார். சர்வரின் பிளக் கழன்று கிடந்தது. போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

குடும்ப குரூப்பில் எழுதினார்: "யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. டிஸ்க் கெட்டு எல்லாம் போச்சு." யார் என்று எழுதவில்லை. அந்த 'யாரோ'வை எழுத அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பேர் சொல்லாததால் அது பொய்யில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பேர் சொல்லத் தேவையும் இல்லை. "உடைசல் அங்கதானே தங்கினான்?" என்று மாமனார் கேட்டார். மத்தியானம் மைத்துனன் பதில் போட்டான். "சார்ஜ் போட ஒரு பிளக்கைக் கழட்டினேன். நான்தான். எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. அத்தான், உங்க உழைப்பெல்லாம் வீணாக்கிட்டேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறார். செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை. புது உலகம் தொடங்கினார், மைத்துனன் மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் "நான் வேணாம் அத்தான், வந்தா ஏதாவது ஆயிடும்" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் போனை வைத்துவிடலாம் போலிருக்கும் அவருக்கு.

இரண்டு மாதம் கழித்து மனைவியின் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். எல்லாரும் மாப்பிள்ளை வீட்டில் கூடினார்கள். குழந்தை கை மாறிக் கை மாறி மைத்துனனிடம் வந்தபோது அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் கையில வேணாம். தூரத்துல இருந்தே பார்த்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

"அந்த சர்வர் போனது மச்சானால இல்ல," என்றார் மாப்பிள்ளை. "நான்தான் தப்பா அழிச்சுட்டேன்."

மாமியார் உருகிப்போனார். "எங்க மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு. இவன் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறார் பாருங்க."

மாமனார் தலையாட்டினார். அப்பாடா, சொல்லியும் ஆயிற்று, மானமும் போகவில்லை, இதோடு விட்டுவிடலாம் என்று மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே தோன்றியது. அவருடைய வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான நினைப்பு வந்ததில்லை. அதற்குள் மைத்துனன் கிட்டே வந்து, "ரொம்ப நன்றி அத்தான்" என்றான்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து, சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகியிருந்த ஃபைலைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். அழிக்கச் சொன்ன கட்டளை, அதைக் கொடுத்தவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே வரியில் இருந்தன.

நிமிஷக் கணக்கில் பிழைப்பவனுக்கு நேரம் முதலில் கண்ணில் பட்டது. "செவ்வாய்க்கிழமை, ஏழு பத்து," என்று வாசித்தான். "ஏழு பத்துக்கு நான் கடைசி டிரிப்ல இருந்தேன். இங்க வந்தப்ப மணி ஒன்பது."

"ஆமா."

"நீங்கதான் கதவு திறந்தீங்க. களைச்சுப் போயிருக்கே, போய்ப் படுன்னு சொன்னீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியும்."

மைத்துனன் தங்கையிடம் போய்க் கையை நீட்டினான். "பார்த்துடா" என்று ஆரம்பித்த மாமியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவன் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய் நின்றான். மனைவி அந்த ஒரு வரியை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

யாரும் மாப்பிள்ளையைத் திட்டவில்லை. அவர் அந்த வீட்டு மருமகனாகி ஒன்பது வருஷமாகிறது. அவர் நின்றுகொண்டிருக்க, யாரும் உட்காரச் சொல்லாதது அன்றைக்குத்தான்.