ஏலத்துக்கு வராத பம்ப்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. 1992 செப்டம்பரில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தது. எழுதுகிறவர்களிடம் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஏதாவது ஒரு மழை நாளைச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னிடம் இருப்பது நான்கு பக்க ஏலப் பட்டியலின் கார்பன் நகல். நாற்பத்தாறு அயிட்டங்கள். ஐம்பத்தேழு இருந்திருக்க வேண்டும். விட்டுப்போன பதினொன்றில், டாங்கிலிருந்து கார் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஒரு சின்ன பம்ப்தான் இங்கே நமக்கு வேண்டியது.

ஏழு வருஷமாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன். என் பெயர் சோலைச்சாமி. கதைக்குள் நான் வராமல் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

2

கிழித்த தொடக்கங்களில் மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

"ராஜபாளையத்தில் பருத்தி ஜின்னிங் பேக்டரி வைத்திருந்த காசிராஜன் பழைய கார்களை உயிருக்கு உயிராக நேசித்தார்." (நேசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஒன்பது கார் வைத்திருந்த மனிதர் பேக்டரிக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார். விட்டுவிட்டேன்.)

"குடோன் கதவைத் திறந்ததும் கிரீஸும் பருத்திக்கொட்டையும் கலந்த ஒரு வாசனை என்னை" (வாசனையில் தொடங்காத கதையே இல்லை என்று ஆகிவிட்டது. வாக்கியத்தை முடிக்கவும் மனமில்லை.)

"ரோசம்மாள் தன் புருஷனோடு பேசி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது." (இது சரியான வாக்கியம். ஆனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை வருவதற்குள் நான் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இங்கேயே இருக்கட்டும்.)

3

காசிராஜன் எனக்குப் பிடிபடவே இல்லை. கதாபாத்திரமாக அவர் ஒரு தோல்வி. ஏன் கார் சேர்த்தார் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க இளவயதில் ஒரு ஏமாற்றம், வெள்ளைக்காரத் துரை ஒருவரின் அவமதிப்பு என்று எதையெதையோ வைத்துப் பார்த்தேன். எதுவும் அவர் மேல் ஒட்டவில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார், சர்க்கரை வியாதியில் செத்தார். அவ்வளவுதான்.

அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு பழக்கம். அவர் எந்தக் காரையும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். யாரிடமிருந்து வாங்கினாரோ அவர் பெயர்தான் காருக்கும். டாட்ஜ் வண்டி பிச்சையம்மாள், சோழபுரத்தில் நிலபுலன் வைத்திருந்த விதவை அதை விற்றார். ஹில்மன், பால்சாமி. மாரிஸ் மைனர், ஞானராஜ். அவருடைய மெக்கானிக் அருளப்பனும் அதே பாஷையில்தான் பேசுவார். "பால்சாமிக்குப் பிரேக் பிடிக்கல, பிச்சையம்மாளுக்கு ரெண்டு டயர் மாத்தணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.*

வண்டியோடு பிறந்த சாமான் எதையும் அவர்கள் தூரப்போட்டதில்லை. கழற்றியதை பிஸ்கட் டப்பாவில் போட்டு ஒரு அட்டை கட்டிவைப்பார்கள். அட்டையின் முன்பக்கம் பெயர், சாமான். பின்பக்கம், அது ஏன் கழற்றப்பட்டது என்று பென்சிலில் காசிராஜனின் பொடி எழுத்து.

* ஒருநாள் நிஜப் பிச்சையம்மாளே பேக்டரிக்கு வந்திருந்தாராம். "பிச்சையம்மாளுக்கு அடியில ஒழுகுது மொதலாளி" என்ற குரல் உள்ளேயிருந்து வந்திருக்கிறது. அந்த அம்மாள் காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டார். இதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.

4

தவறுக்கு வருகிறேன்.

காசிராஜனின் பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருந்தார்கள். அவர் போன பிறகு, கார்கள் நின்ற குடோன் தீபாவளிக்குள் காலியாக வேண்டும் என்றார்கள். வக்கீல் என்னை ராஜபாளையம் அனுப்பி, கார்களையும் உதிரி சாமான்களையும் பட்டியல் எடுக்கச் சொன்னார். அந்த வாரம் அருளப்பன் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. கார்களுக்கு ஆள் பெயர் வைக்கும் பழக்கம் எனக்கு அப்போது தெரியாது.

பதினொரு டப்பாக்கள், ஐந்து பேரின் பெயர்கள். வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவன் புத்தி எப்படிப் போகும்? பிறர் சொத்து, ரிப்பேருக்கு வந்து தங்கிவிட்டது, ஏலத்தில் விட்டால் வழக்கு வரும். அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒதுக்கிவைத்தேன். காசிராஜனின் முகவரி நோட்டில் ஐந்து பேரும் இருந்தார்கள். ஆளுக்கொரு கடிதம் அடித்தேன். 'தங்கள் உடைமை எங்கள் பொறுப்பில் உள்ளது. ஏலத்துக்கு முன்பாக வந்து பெற்றுக்கொள்ளவும்.'

என் வாழ்க்கையில் நான் அனுப்பிய கடிதங்களில் இப்படி ஒரு காரியம் செய்தது வேறு இல்லை. இரண்டு திரும்பி வந்தன, விலாசதாரர் காலமானார் என்று. இரண்டுக்குப் பதில் இல்லை. ஐந்தாவது கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏலத்துக்கு மூன்று நாள் முன்பு, காலை பத்து மணிக்கு ரோசம்மாள் குடோனுக்கு வந்தார்.

5

அறுபது வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். வலது கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிந்தது, இடது கண்ணையும் சுருக்கித்தான் பார்த்தார்.

"ஞானராஜ் சார் வீட்டுல இருந்து வாரேன். லெட்டர் அவிய பேருக்கு வந்துச்சு. அவிய பாத்துட்டு டம்ளருக்கு அடியில வச்சுட்டுப் போயிட்டாவ. பக்கத்து வீட்டுப் பிள்ளைய வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்க சாமான் என்ன இருக்கு, தம்பி?"

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பம்ப். துணியால் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் அருளப்பன் உள்ளே வந்தார். வேளாங்கண்ணியில் போட்ட மொட்டை. அந்த அம்மாளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரோசம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தார். "அருளப்பா, நல்ல வேளை நீ வந்த. ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பம்பு கெட்டுப்போனா அதுல சத்தம் வருமா?"

அருளப்பன் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு வண்டி நின்ன பொறவு அவிய சாவியப் போட்டுப் போட்டுப் பாத்தாவ. போடுத போதெல்லாம் டிக்கு டிக்கு டிக்குன்னு விடாம ஒரு சத்தம். பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு நான் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவிய எறங்கி வண்டிக்குப் பின்னால போயி செத்த நேரம் நின்னாவ. வந்து, பம்பு போயிட்டுன்னாவ. போன பம்பு எப்படி அடிக்கும்?"

"இந்தா வாரேம்மா" என்று சொல்லிவிட்டு அருளப்பன் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

6

(இந்தப் பகுதியை ரோசம்மாளின் நினைவாக எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது, அதனாலேயே பயமாக இருந்தது. அருளப்பன் எனக்குச் சொன்னபடியே வைக்கிறேன்.)

"ஏலே, யாரக் கேட்டு லெட்டர் போட்ட? அது காரோட பேருலே. சாமான் மொதலாளியோடது."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் குந்தினார். கோபம் அவ்வளவுதான் தாங்கியது.

"அறுவத்தொம்பதுல. ஞானராஜ் சாருக்கு ஒரே மக, தேவகிருபை. ஆறு வயசு. தொண்ட அடச்சு மூச்சு விட முடியல. மருதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாவ. மத்தியானம் வண்டிய எடுத்தாரு. அந்த வண்டில பெட்ரோல் காட்டுத முள்ளு வேல செய்யாது. டாங்குக்குள்ள ஒரு குச்சிய விட்டு அளந்து பாத்துட்டுத்தான் எடுக்கணும். தெனமும் பாக்குத மனுசன், அன்னைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுத அவசரத்துல பாக்கல. கிருஷ்ணன்கோவில் தாண்டி நின்னுட்டு. ஒரு மணி நேரம் ரோட்டுல ஒரு வண்டி கெடையாது. பொறவு ஒரு பஸ்ஸு வந்துச்சு. கல்லுப்பட்டிக்கு முன்னாலயே பிள்ள போயிட்டு."

"நீங்க பாத்தீங்களா?"

"வண்டிய இழுத்துட்டு வந்தவன் நாந்தான. டாங்கு காஞ்சு கெடந்துச்சு. பெட்ரோல் இல்லேன்னாத்தான் அந்தப் பம்பு அப்படி வெறி பிடிச்ச மாரி அடிக்கும். பம்பு போனா சத்தமே இருக்காது. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள் சாரு ஷெட்டுக்கு வந்தாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, பம்புன்னு சொல்லிரு அருளப்பான்னாரு. புதுப் பம்பு மாட்டிக் கொடுத்தேன். பழச என்கிட்டயே வச்சிருந்தேன். ரெண்டு வருசம் கழிச்சு மொதலாளி அந்த வண்டிய வாங்கயில, அவருகிட்ட மட்டும் சொல்லி அதக் கொடுத்தேன்."

"அந்தம்மா?"

"பிள்ளையப் பொதச்ச அன்னைக்குப் பேச்ச விட்டவ. இன்னைக்கு வரைக்கும் இல்ல. அரிசி தீந்துட்டுன்னா கோழியப் பாத்து, அரிசி தீந்துட்டும்பா. சாரு பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு."

7

உள்ளே வந்தோம். ரோசம்மாள் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால என்னமோ எழுதியிருக்கு தம்பி. எனக்குத் தெரியல. வாசி."

வாங்கினேன். வாசகருக்கு மறைக்க ஒன்றுமில்லை, அப்படியே தருகிறேன்: 'பம்பில் குறை இல்லை. டாங்கில் பெட்ரோல் இல்லை. அருளப்பன் சொன்னது. வெளியில் பேச வேண்டாம்.'

இந்த இடத்தில்தான் ஏழு வருஷமாக நிற்கிறேன்.

முடிவு அ. உள்ளதை வாசித்தேன். அந்த அம்மாள்

(இல்லை. மூன்று முறை எழுதினேன். ஒன்றில் அவர் அழுதார், ஒன்றில் சிரித்தார், ஒன்றில் பம்பைத் தரையில் போட்டார். மூன்றும் எனக்குச் சௌகரியமாக இருந்ததால் வந்தவை.)

முடிவு ஆ. ஒரு சொல்லை விழுங்கினால் போதும். பம்பில் குறை. அடுத்த வரியை விட்டுவிடலாம். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, இத்தனை வருஷம் ஒரு நல்ல மனுஷனைத் தண்டித்துவிட்டேனே என்று வீட்டுக்கு ஓடுகிறார். (இதைப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் போட்டிருப்பார்கள். அனுப்பவில்லை. குச்சி விட்டு அளக்க மறந்த ஒரு தகப்பன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். காய்ச்சல் என்றால் என் கைக்குச் செருப்பு எது சட்டை எது என்று தெரியாது. ஞானராஜை நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. அந்த அம்மாளை நினைத்தாலும் அதேதான்.)

நடந்தது இரண்டும் இல்லை. நான் வாசிக்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசம்மாள் கை நீட்டி அட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ வாசிக்க வேண்டாம் தம்பி. எங்க வீட்டுல வாத்தியார் இருக்காவ. அவியள வாசிக்கச் சொல்லுதேன்."

அருளப்பன் திரும்பினார். "சார்கிட்டயா? பேசப் போறீயளா?"

"வாசிக்கச் சொல்லணும்னா பேசித்தான ஆகணும்."

பம்பை பெஞ்சில் வைத்தார். அது வேண்டாம் என்றார். அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வெயில் ஏறியிருந்தது. ரிக்‌ஷா பிடித்துத் தருகிறேன் என்று அருளப்பன் பின்னால் போனார், அந்த அம்மாள் கேட்கவில்லை.

8

ஏலம் நடந்தது. ஒன்பது கார்களும் திருச்சி, கொச்சி, சென்னை, மதுரை என்று போயின. பிறர் உடைமை என்று நான் ஒதுக்கிய டப்பாக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஞானராஜ் என்ற மாரிஸ் மைனரை மதுரைக்காரர் ஒருவர் எடுத்தார். அதற்குப் பின் ரோசம்மாளின் தெருப்பக்கம் நான் போகவில்லை. போய் விசாரித்திருக்கலாம். ஒரு நல்ல எழுத்தாளன் போயிருப்பான்.

இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒன்று மட்டும் விளங்குகிறது. அட்டையில் இருப்பது என்ன என்று அந்த அம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அருளப்பன் பதில் சொல்லாததிலும் நான் வாசிக்காததிலும் தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்வதற்காக அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. புருஷன் வாயால் அது வருகிறதா என்று பார்க்கக் கொண்டுபோனார்.

அதனால் கடைசிக் காட்சியை இதுவரை எழுதியிருக்கிறேன்: மத்தியானம். ஞானராஜ் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வருகிறார். ரோசம்மாள் அட்டையை நீட்டுகிறார். "இத வாசிங்க" என்கிறார். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன்னைப் பார்த்து வருகிறது. உட்காருகிறார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்கிறார். மனதுக்குள் ஒருமுறை வாசித்துவிடுகிறார். மனைவியின் கண்ணுக்குப் பொடி எழுத்துத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல் சத்தமாக

இதற்கு மேல் என்னிடம் இல்லை. நான் டைப்பிஸ்ட், பிறர் சொல்லச் சொல்ல அடித்தே பழகியவன். ஞானராஜ் என்ன வாசித்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பேப்பரை மிஷினில் ஏற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், அடிக்கிறேன்.