வாடையில்லாத தண்ணீர்

ஆவூர்ப் பக்கம் ராபின் புதுவீடு கட்டி, சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பும் விருந்தும் வைத்தபோது, அவனை அதிகம் வருத்தியது தண்ணீர்தான். சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவனுக்கு ஊர்த்தொட்டித் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாடை பிடிக்கவில்லை.

"சாமியார் வாராரு, ஒங்க அப்பா வாராரு. அவங்களுக்கு இந்தத் தண்ணியவா குடுக்கிறது?" என்று மனைவி ஷர்லியிடம் கேட்டான்.

கிணற்று நீரை வடிகட்டி, குளோரின் கலந்து கேனில் விற்கும் நாகராசுவை வரவழைத்தான். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இதுலயும் அதே வாடைதான்."

"கிருமிக்காகப் போடுற மருந்துங்க."

"கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல என்ன கிருமி? வாடையில்லாம குடுக்க முடியும்னா சொல்லுங்க. இல்லன்னா கீரனூர்ல வாங்கிக்கிறேன்."

பெரிய ஆர்டர். நாகராசு கொஞ்சம் யோசித்துவிட்டு, மருந்து போடாமலே கொடுப்பதாகச் சொன்னான்.

விருந்தன்று முக்கியமானவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே பந்தி, கேன் தண்ணீர். மற்றவர்களுக்கு வேப்பமரத்தடியில், குடத்தில் தொட்டித் தண்ணீர். ராபினின் பெரியப்பா மகன் ஜெபமாலைக்கும் மரத்தடிதான் கிடைத்தது. கேன் தண்ணீர் கேட்டான். "அது உள்பந்திக்குண்ணே" என்றான் பரிமாறியவன். ஜெபமாலை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

ஒரு மாதம் போனது. முதலில் ராபினின் மாமனாருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது, கண் மஞ்சளித்தது. அடுத்து சாமியார். பிறகு ராபினே படுத்தான். மரத்தடியில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள். ஜெபமாலையின் வயித்தெரிச்சல்தான் காரணம் என்றாள் ராபினின் மாமியார்.

சுகாதார ஆய்வாளர் இசைவாணி, நாகராசுவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டதும் மஞ்சளானது. நாகராசுவின் கேன் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றான் ராபின், படுத்தபடியே.

"குளோரின் இருந்தாத்தாங்க மஞ்சளாகும். இதுல துளி கூட இல்ல. இவரு கிணத்தை ஒட்டியே கக்கூஸ் குழி இருக்கு. வடிகட்டி தூசியத்தான் பிடிக்கும், காமாலை வைரஸைப் பிடிக்காது. குளோரின்தான் அதைச் சாகடிக்கும்."

நாகராசு தலையைச் சொறிந்தான். "இவங்கதாங்க மருந்து வேணாம்னாங்க."

மறுநாள் ஜெபமாலை பார்க்க வந்தான். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"தம்பி, அன்னைக்குக் கோவத்துல போயிட்டேன். எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்திருந்தா நானும் இப்ப இப்பிடித்தான் கெடப்பேன். நன்றிப்பா."

குத்திக்காட்டுகிறானா என்று ராபின் அவன் முகத்தைப் பார்த்தான். அப்படித் தெரியவில்லை. மனசாரத்தான் சொல்லியிருந்தான். ராபினுக்கு அதுதான் தாங்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக்குப் புதுக்கோட்டை போக வேண்டியிருந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லாத ராபினை ஜெபமாலையே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தன் காரில் ஏற்றினான். வழியில் அவன் மழையைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். ராபின் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் இருந்தான்.