மீன் மார்க்கெட் தீர்மானம்

ஆவுடையம்மாள் நகரசபைக் கூட்டத்துக்குப் பெரிய பித்தளைத் தூக்கில் கருப்பட்டிக் காப்பியும் கூடை நிறைய முந்திரிக்கொத்தும் கொண்டு வந்ததைப் பார்த்து, வாசலில் நின்ற டவாலி சேவகனே சிரித்துவிட்டான்.

அவள் சிரிக்கவில்லை. அது மார்ச் மாதத்தின் கடைசிக் கூட்டம். ராயபுரம் கடலோரத்து மீன் மார்க்கெட்டுக்குத் தளமும் கூரையும் சாக்கடையும் போடுகிற காண்டிராக்டுக்குச் சபை அன்று ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். விஷயம் அஜெண்டாவில் கடைசியாக இருந்தது. முந்தைய கூட்டங்களிலும் கடைசியாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு அங்கத்தினர்கள் எதிரே இருந்த ஓட்டலுக்குக் காப்பி சாப்பிடப் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் அப்படியே டிராம் ஏறிவிடுவார்கள். இத்தனை பேர் இருந்தால்தான் சபை நடக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கோரம் என்பார்கள். கோரம் இல்லை என்று தலைவர் கூட்டத்தைக் கலைத்துவிடுவார். இன்றும் கலைந்தால் வருஷக் கணக்கு முடிந்து, ஒதுக்கிய பணம் வேறு வேலைக்குப் போய்விடும். மீன் விற்கிற பெண்கள் இன்னொரு மழைக்காலமும் சேற்றில் கோணி விரித்து உட்கார வேண்டியதுதான்.

ஆவுடையம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் காலமான பிறகு ராயபுரத்தில் அரிசி மண்டியைத் தானே நடத்தி, போன தேர்தலில் கவுன்சிலரானவள். ஓட்டுக் கேட்கப் போன அன்று கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, "கூரை போட்டுத் தாரேன்" என்று மீன்காரிகளிடம் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையை அம்மனும் கேட்டாள் என்பது அவளுடைய எண்ணம். வெள்ளிக்கிழமைதோறும் திருவொற்றியூரில் வடிவுடையம்மன் முன்னால் கைகூப்பி நிற்கும்போது, வேறு எதையும் வேண்டிக்கொள்ள விடாமல் அதுதான் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

நாலு மணி அடித்தது. அங்கத்தினர்கள் நாற்காலியைத் தள்ளினார்கள்.

"யாரும் வெளிய போக வேண்டாம். காப்பி இங்கனயே இருக்கு" என்று ஆவுடையம்மாள் தூக்கைத் திறந்தாள். சுக்கு வாசனை மண்டபம் முழுவதும் பரவியது.

"இன்னாம்மா, மார்க்கெட்டுக்கு லஞ்சமா இது?" என்றார் ரகுபதி என்ற கவுன்சிலர். கேட்டுக்கொண்டே கூடையில் கைவிட்டார்.

"லஞ்சம்னா நெய்யில பொரிச்சிருப்பேன் அண்ணாச்சி. இது வெறும் எண்ணெய். பயப்படாமச் சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்படியும் சிலர் நழுவிவிட்டார்கள். ஆவுடையம்மாள் தலைகளை எண்ணிப் பார்த்தாள். கோரம் இருந்தது, ஆனால் இனி ஒருத்தர் எழுந்தாலும் போயிற்று.

விளக்குக் கம்பம், ரோடு ரிப்பேர் என்று ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டு வந்தது. ஜன்னலில் வெயில் சரிந்தது. அடுத்தது மீன் மார்க்கெட் என்ற சமயத்தில், பின் வரிசையில் லட்சுமணன் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மார்க்கெட்டுக்குப் பின்தெருவில்தான் அவர் வீடு. நாற்றத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை, மார்க்கெட்டையே அந்த இடத்திலிருந்து தூக்க வேண்டும் என்று சபையில் பலமுறை பேசியவர். போன கூட்டத்தில் அவர் எழுந்து போனதால்தான் கோரம் உடைந்தது.

ஆவுடையம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலைவரிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, விடுவிடுவென்று பின்னாலேயே போனாள். 'ஏழைப் பொம்பளைங்க வயித்துல அடிக்கதுக்கு இப்படி ஒரு தந்திரமா' என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. வராந்தாவில் அவர் திரும்பினார். கண்கள் சிவந்து, முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. வடிவுடையம்மா, என்னை அவசரப்பட விடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வீட்டுல எல்லாரும் சொகந்தானே அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

லட்சுமணன் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சம்சாரத்துக்கு ஜொரம்மா. டாக்டர் டைபாய்டுன்றார். வேலைக்காரி அஞ்சு மணிக்குப் போய்டுவா. அப்புறம் ஒருவாய்த் தண்ணி குடுக்க ஆள் கெடையாது. போன தபாவும் அவளுக்கு முடியலன்னுதான் போனேன். நீங்க வேற மாதிரி நெனச்சிருப்பீங்க."

நினைத்துத்தான் இருந்தாள். வெட்கம் சுருக்கென்று குத்தியது. உள்ளே அத்தனை பெண்களின் கூரை காத்திருந்தது. அங்கே வீட்டில் ஒரு பெண் காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

"நீங்க போங்க அண்ணாச்சி. மார்க்கெட்ட நான் எப்படியாவது பார்த்துக்கிடுதேன்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வராந்தா பெஞ்சில் மீன்காரி பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட் பெண்களுக்காகச் சேதி கேட்டுப் போக, வெளுத்த புடவை கட்டி வந்திருந்தவள். அவள் எழுந்து வந்தாள்.

"நைனா, நா போய் அம்மா கிட்ட குந்திக்கினு இருக்கேன். என் மவளுக்கு இதே ஜொரம் வந்து நாந்தான் பாத்தேன். நீங்க சபையை முடிச்சிக்கினு வாங்க."

லட்சுமணன் அரை அடி பின்வாங்கினார். அவர் தயக்கம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்துகீறேன். அப்பிடியும் வாசனை வந்துச்சுன்னா ஜன்னலாண்ட குந்திக்கிறேன்" என்றாள் பவுனம்மாள். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் குறும்பு இருந்தது.

அவர் தலை குனிந்தது. "அதெல்லாம் இல்லம்மா. மார்க்கெட் பின்தெருவுல மூணாவது வீடு, பச்சைக் கதவு. அவ பேரு கனகம். நான் அனுப்பிச்சேன்னு சொல்லு." பிறகு ஆவுடையம்மாளைப் பார்த்து, "நான் இருக்கேன். ஆனா ஒண்ணு, அந்த எடத்துல மார்க்கெட் வேணாம்னுதான் நான் கை தூக்குவேன். அதுல மாத்தம் இல்ல" என்றார்.

"அது உங்க மனசு. நான் கேக்கல. நீங்க உக்காந்தாலே போதும்" என்றாள் ஆவுடையம்மாள். தன்னை ஏற்றி வந்த ஜட்காவிலேயே பவுனம்மாளை ஏற்றி அனுப்பினாள்.

இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும், தவசிமுத்து என்ற காண்டிராக்டரின் டெண்டரைத் தலைவர் வாசித்தார். லட்சுமணன் எழுந்து, வீடுகளுக்கு இத்தனை அருகில் மார்க்கெட் கூடாது என்று தம் காரணங்களை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். ஆவுடையம்மாள் எழுந்து, சேற்றைப் பற்றியும், அதில் உட்கார்ந்து புண்ணாகிப்போன கால்களைப் பற்றியும் சொன்னாள். சாக்கடையைத் திறந்து விடாமல் கடல்வரை மூடியே கொண்டுபோனால் தெருவுக்கும் நாற்றம் வராது, அதையும் காண்டிராக்டில் சேர்க்க வேண்டும் என்று கடைசியில் தானாகவே கேட்டுக்கொண்டாள். லட்சுமணன் நிமிர்ந்து பார்த்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். அவர் எதிர்த்தே தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

இருவரும் சேர்ந்தே அவர் வீட்டுக்குப் போனார்கள். தெருவில் அப்போதுதான் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கனகத்தின் தலையை மடியில் தாங்கி, பவுனம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நோயாளியின் ஒரு கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது.

லட்சுமணன் நிலைப்படியிலேயே நின்றார். "மார்க்கெட் சாங்ஷன் ஆயிடுச்சு பவுனம்மா. ஆனா நான் வேணாம்னுதான் கை தூக்கினேன். அதையும் நானே சொல்லிடணும்."

பவுனம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "சொல்லிட்டுத்தானே நைனா செஞ்சீங்க" என்றாள். "மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் அம்மாவுக்குக் கண்ண அசத்துது. கை கழுவிக்கினு வந்து இப்பிடிக் குந்துங்க. இன்னும் ரெண்டு வாய் கீது. நீங்க குடுத்தா குடிப்பாங்க."

அவர் கை கழுவப் போனார். ஆவுடையம்மாள் சாத்திக் கிடந்த ஜன்னலைக் கடல்காற்று வரச் சத்தமில்லாமல் திறந்துவிட்டு, வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.