தாழிக்குள் இறங்கியவன்

அலசானிப் பள்ளத்தாக்கில் அந்த வருடம் சபெராவித் திராட்சை பழுக்கத் தாமதமானது. வெள்ளைத் திராட்சையான ர்காத்ஸிதெலியைப் பறித்து மிதித்தாயிற்று. கழுத்துவரை மண்ணில் புதைந்த மதுத் தாழிகளில் அது புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புச் சபெராவி மட்டும் கொடியிலேயே நின்றது. இன்னும் இனிப்பு ஏறட்டும் என்று ஜும்பெர் பிடிவாதமாக இருந்தான். "ஆலங்கட்டி விழுந்தா வானத்தைப் பாத்துத் திட்டிக்கோ" என்ற தம்பி ஸ்வியாத், அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

அன்று மதியம் மலைமேல் மேகம் பச்சை கலந்த கறுப்பாய்த் திரண்டது. ஜும்பெரின் மனைவி எதேரி, ஸ்வியாத், பக்கத்து வீட்டு ஆண்கள் எல்லோரும் கத்தியோடு தோட்டத்தில் இறங்கினார்கள். வெட்டியதைப் போட ஒரே ஒரு பெரிய தாழிதான் காலி. அதையும் கழுவவில்லை.

"நீங்க வெட்டுங்க. நான் போய் அலசி வைக்கிறேன்" என்று ஜும்பெர் மதுக்கூடத்துக்கு ஓடினான்.

முதல் கூடைகளோடு எதேரி வந்தபோது தேய்க்கும் சத்தமே இல்லை.

"ஜும்பெர்! உள்ள தூங்கிட்டியா? மேகம் தலைமேல வந்துடுச்சு!"

தாழியின் வாயில் குனிந்து பார்த்தாள். அடியில் தூரிகையைப் பிடித்தபடி அவன் சுருண்டு கிடந்தான். பக்கத்துத் தாழியில் வெள்ளைச் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயு கனமானது. மணமில்லாமல் தரையோடு வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்காமல் யாரும் தாழிக்குள் இறங்குவதில்லை. மெழுகுவத்தி திரி கருகாமல் மாடத்திலேயே இருந்தது.

அவள் போட்ட கூச்சலில் ஸ்வியாத் பாய்ந்து வந்தான்.

"விலகுங்க அண்ணி, நான் குதிக்கிறேன்!"

எதேரி அவன் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தாள். "குதிச்சா ரெண்டு பொணம் எடுக்கணும். மருந்தடிக்கிற மெஷினைக் கொண்டா!"

"மருந்தா? இப்பவா?"

"காத்துடா! அதுல காத்து வருதுல்ல!"

முதுகில் மாட்டும் அந்த விசிறி எந்திரம் உடனே கிளம்பவில்லை. "இவ்வளவு பெரிய ஒடம்பு, கயித்தத் தடவிக்கிட்டு நிக்கிறியே!" என்று அவள் கத்தியதும் ஆவேசமாக இழுத்தான். உறுமியது. குழாயைத் தாழிக்குள் இறக்கிக் காற்றை அடித்தார்கள். நிறுத்திவிட்டு, மெழுகுவத்தியைக் கொளுத்திக் கம்பியில் கட்டி இறக்கினாள். பாதியில் அணைந்தது. மறுபடி காற்று. மறுபடி சுடர். இந்த முறை ஜும்பெரின் தலைமுடிவரை போய் எரிந்தது.

ஸ்வியாத் இடுப்பில் கயிற்றோடு இறங்கி, அண்ணனின் அக்குளில் இன்னொரு கயிற்றை முடிந்தான். மேலே இருந்த ஆண்கள் இழுத்தார்கள். குறுகிய வாயில் தோள் சிக்கியது. அந்த நேரம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது.

வெளியே கிடத்தியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. எதேரி வாயோடு வாய் வைத்து ஊதினாள். மூச்சு இருக்கிறதா என்று காது வைத்தால் கூரைச் சத்தம்தான் கேட்டது. கன்னத்தை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. ஜும்பெர் இருமினான்.

தெலாவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதேரியைப் பார்த்துப் பதறினாள். "எங்க அடிபட்டுது உங்களுக்கு? சட்டையெல்லாம் ரத்தம்!"

"ரத்தமில்லம்மா, சபெராவி. அதுக்குச் சதையும் சிவப்பு."

வெட்டாமல் விட்டதெல்லாம் ஆலங்கட்டியில் போனது. கொடியில் காம்புகள்தான் மிச்சம்.

மறுநாள் ஜும்பெருக்குப் பேச்சு தெளிந்தது. "யாரு உள்ள எறங்கினது?" என்று கேட்டான். எதேரி சொன்னாள். "வரச் சொல்லு" என்றான்.

ஸ்வியாத் விடிந்ததிலிருந்து கதவுக்கு வெளியேதான் நின்றான். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன.

"எனக்கு இன்னும் கோவம் போகலைன்னு சொல்லுங்க அண்ணி."

"நீயே போய்ச் சொல்லு" என்று அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள் எதேரி. அப்புறம்தான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.