மரத்துக்குக் கால் இருந்தால்

“மரத்துக்குக் கால் இருந்தா உன் பின்னாடி வரட்டும். கூட்டிட்டுப் போ.”

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்பக் கூட்டத்தில் ராபெலாங் இப்படித்தான் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மாபுலெங் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அந்த வார்த்தையை அப்படியே வாங்கி நெஞ்சில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ராபெலாங் அவளுடைய கணவனின் அண்ணன். முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, காசநோயோடும் ஒரு ரேடியோவோடும் ஊர் திரும்பியவர். தம்பி தூமெலோ செத்து, மாபுலெங் துக்கத்தின் கறுப்புத் துணியை அவிழ்த்த மறு மாதமே கூட்டம் போட்டார். தூமெலோவுக்கு ஆண் வாரிசு இல்லை, ஒரே மகள் புலெங், அவளும் தலைநகர் மசேருவில் தையல் ஆலையில் இருக்கிறாள். ஆகவே வீடும் வளவும் ராபெலாங்கின் மூத்த மகனுக்கு என்று முடிவானது. அந்த மகன் ஜோஹானஸ்பர்க்கை விட்டு ஒரு நாளும் வந்ததில்லை. அவன் பெயரைச் சொல்லி அப்பா குடியேறிக்கொண்டார். மாபுலெங்குக்குப் பாதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கல்லு வளவைக் காட்டினார்கள். பெருந்தன்மையாம்.

வீடு போனது போகட்டும். அந்த வளவில் பதினொரு பீச் மரங்கள் இருந்தன. பதினொன்றும் அவள் கையால் நட்டவை. அதிலும் வாசல் மரம் வேறு ரகம். நாட்டு எல்லையான காலிடன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் பண்ணையில் அவள் ஏழு வருடம், பழமரக் கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் கவாத்து வேலை பார்த்தாள். வரும்போது அங்கிருந்து ஒரு குச்சியை ஈரத் துணியில் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்துப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்து ஒட்டுக் கட்டிய மரம் அது. மற்ற மரங்கள் பிப்ரவரியில் முடிந்துவிடும். இது மார்ச் மாதம்தான் பழுக்கும். மஞ்சள் சதை, காயவைத்தால் தேனாக இருக்கும். அந்தப் பண்ணையை உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். இப்போது உலகத்தில் அந்த ரகம் எங்காவது இருக்கிறதென்றால், அது ராபெலாங் உட்கார்ந்து புகையிலை மெல்லும் வாசலில்தான்.

முதல் கோடையில் பாதையில் உருண்டு கிடந்த பழங்களை அவள் பொறுக்கினாள். ஐந்தே பழம். ராபெலாங் பார்த்துவிட்டார். குழாயடியில் நின்ற அத்தனை பெண்கள் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் தன் கூடையில் திருப்பிப் போடச் சொன்னார். அவள் போட்டாள். அவர் சத்தமாக எண்ணினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வாசல் மரத்திலிருந்து ஒரு பிடி குச்சி. கொட்டையிலிருந்து வரும் மரம் தாயைப்போல இருக்கும் என்று நம்ப முடியாது, குச்சி ஒட்டினால்தான் அதே பழம். பிள்ளைகள் துப்பிய கொட்டைகளைப் பொறுக்கிப் புதைத்து ஒன்பது கன்றுகளைப் பென்சில் தடிமனுக்கு வளர்த்து வைத்திருந்தாள். தாய்க் குச்சி மட்டும் கையில் இல்லை. போய்க் கேட்பதா? கேட்பதைவிட நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம்.

ஆகஸ்ட் பிறந்தது. எங்கள் மலைகளில் குளிர் போவதா இருப்பதா என்று இழுத்துக்கொண்டு நிற்கும் மாதம். காலையில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி பனி, மதியம் கண்ணைக் குருடாக்கும் புழுதிக் காற்று. மொட்டு வீங்குவதற்குள் மரத்தை வெட்டிச் சீர்செய்ய வேண்டும். பத்து நாள்தான் கெடு.

“உன் மூத்தார் ரம்பம் வாங்கியிருக்கார்டி,” என்று குழாயடியில் மாந்தாபி சொன்னாள். அடுத்த வளவுக்காரி, வாய் நீளம், மனசு கெட்டதில்லை. “ரெண்டு வருஷமா வெட்டாம விட்டதுல பழம் எல்லாம் ஆட்டுப் புழுக்கை மாதிரி ஆயிடுச்சில்ல. ஊரே சிரிக்குது. இந்த வருஷம் தானே வெட்டப் போறாராம்.”

“அவருக்கு வெட்டத் தெரியுமா?”

“கேட்டேன். மலையையே வெடி வச்சுப் பொளந்தவனுக்கு மரம் ஒரு பெரிய விஷயமான்னார்.”

மாபுலெங் வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பாதி வழியிலேயே அவளுக்குத் திட்டம் முழுசாக வந்துவிட்டது. அதற்கு விலையாக என்ன கொடுக்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது.

கல்லு வளவில் ஏற்கெனவே ஒரு பீச் மரம் நின்றது. யார் துப்பியதோ, தானாக முளைத்துக் கேட்பாரற்றுக் கிடந்தது. இரண்டு வருடம் சாணி போட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி அதை ஆளாக்கியிருந்தாள். போன கோடையில் அது விட்ட சிவப்புக் குச்சிகள் முழுக்க மொட்டு. குளிர் முழுக்கத் தினமும் அந்த மொட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். இந்த வருடம் அவள் சொந்த மரத்துப் பழத்தைக் கடிக்கப் போகிறாள், யாரும் எண்ணாத பழத்தை.

பீச் மரம் போன வருடம் விட்ட குச்சியில்தான் காய்க்கும். சிவப்பாக, மெலிசாக, வெட்டி எறியலாம் என்று தோன்றும் குச்சிதான் அது. தடித்த சாம்பல் கிளையில் ஒன்றும் வராது. கவாத்து தெரிந்தவர்களுக்கு இது முதல் பாடம். தெரியாதவர் கண்ணுக்குத் தடியன்தான் பலசாலி.

சனிக்கிழமை காலை ராபெலாங் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தன் கல்சுவர் மேல் வெயிலுக்கு உட்கார்ந்தார். ரம்பம் மடியில். கண் பாதைக்கு இந்தப் பக்கம். இந்த ஊரில் மரம் வெட்டத் தெரிந்தவள் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கேட்கத்தான் வாய் வராது.

மாபுலெங் சிவப்புக் கைப்பிடி போட்ட பண்ணைக் கத்தரியை எடுத்துக்கொண்டு தன் மரத்தடிக்குப் போனாள். ஒரு நிமிடம் நின்றாள். “கோவிச்சுக்காதே,” என்று மரத்திடம் முணுமுணுத்தாள். பிறகு முதல் சிவப்புக் குச்சியை அடியோடு நறுக்கினாள்.

ஒன்று, இரண்டு, பத்து, இருபது. குச்சிகள் மொட்டும் கிட்டுமாகத் தரையில் விழுந்தன. ஒவ்வொரு வெட்டும் அவளுக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் கூடையில் விழுந்த ஒரு பழத்தின் சத்தம் காதில் கேட்டது. கை நிற்கவில்லை.

“ஏம்மா,” என்று சுவர் மேலிருந்து குரல் வந்தது. “தடிச்சதை எல்லாம் விட்டுட்டு இந்த ஈர்க்குச்சியைத்தான் வெட்டுவியா?”

இதுதான் சமயம். இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“என் மரம், என் கத்தரி, ந்தாதே,” என்றாள் மாபுலெங், பெரியவர்களை ‘ஐயா’ என்று கூப்பிடும் அந்தச் சொல்லுக்கு வேண்டிய மரியாதையோடு. “உங்க மரத்துக்கு உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்.”

முறையாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு அவள் மாந்தாபியிடம் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. மாந்தாபியும் நம்பவில்லை.

மதியத்துக்குள் மரம் நான்கைந்து சாம்பல் கைகளோடு மொட்டையாக நின்றது. மாபுலெங் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சிறிது நேரம் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எதிர் வளவில் ராபெலாங் ஏணி மேல் நின்றார். சிவப்புக் குச்சிகள் கற்றை கற்றையாகச் சுவர் தாண்டிப் பாதையில் விழுந்துகொண்டிருந்தன.

இந்த மலைகளில் விறகு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அடுப்பு ஊதுகிற எல்லாருக்கும் தெரியும். வரட்டிதான் எரிக்கிறோம். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் வெட்டிய குச்சியைச் சுவருக்கு வெளியே போட்டுவிட்டால் அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. முதலில் கயிறு போட்டுக் கட்டுகிற பெண்ணுக்கு அது சொந்தம். ஊர்த்தலைவரே வந்தாலும் கேட்க முடியாது.

மாபுலெங் இதற்காகத்தான் காத்திருந்தாள். கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆனால் ரம்பச் சத்தம் அவளுக்கு மட்டுமா கேட்கும்? அதற்குள் நாலு பெண்கள் பாதையில் குனிந்திருந்தார்கள். வாசல் மரத்திலிருந்து விழுந்த கற்றையின் மேல் மாந்தாபி முழங்காலை ஊன்றி முடிச்சுப் போட்டுவிட்டாள்.

மாபுலெங் அந்தக் கற்றையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். தன் மரத்தைத் தானே மொட்டையடித்தது இந்த ஒரு கட்டுக்காகத்தானே!

“அதை எனக்குக் குடு, மாந்தாபி.”

“ஏன்? வேற இல்லையா? எத்தனை கிடக்குது பாரு.”

“இதுதான் வேணும். என் வரட்டி அடுக்கு மொத்தத்தையும் எடுத்துக்கோ.”

மாந்தாபி நிமிர்ந்தாள். “குளிர் முடியற வரைக்கும் வச்சிருக்கிற வரட்டியா? இந்த ஈர்க்குச்சிக்கா? உனக்கென்னடி பைத்தியமா…” பேச்சு பாதியில் நின்றது. குச்சியைப் பார்த்தாள். எதிரே மாபுலெங்கின் வளவில் மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்தாள். ஏணி மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ராபெலாங்கைப் பார்த்தாள். கம்பளி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“பாவி! அடப் பாவி!” என்று மூச்சுக்குள் சொன்னாள். “பாதி வரட்டி போதும். மீதியை நீயே எரி. இந்த வேடிக்கையைப் பார்க்க நீ உசுரோட இருக்கணும்.”

ஏணி மேலிருந்து ராபெலாங் கத்தினார். “என்ன சிரிப்பு அங்கே?”

“உங்க வேலைப்பாட்டைத்தான் மெச்சிக்கிறோம், ந்தாதே!” என்றாள் மாந்தாபி.

“ஆங். பார்த்துக் கத்துக்கோங்க.”

அன்று பொழுது சாய்வதற்குள் மாபுலெங் ஒன்பது கன்றுகளின் தலையையும் சீவினாள். நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி செதுக்கிய குச்சியைத் தோலோடு தோல் சேரச் செருகினாள். மாவுப்பையைக் கிழித்த பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். மெழுகுவர்த்தியை உருக்கி மேலே பூசினாள். ஏழு வருடப் பழக்கம் கையில் அப்படியே இருந்தது. அந்த வருடத்திலேயே முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. களியும் கீரையும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஊர் பூத்தது. கொழுத்த வளவு, குப்பை வளவு என்று பார்க்காமல் எங்கு பார்த்தாலும் ரோஸ். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழுதை மேயும் மேட்டில்கூட ஒரு மரம் பூத்தது. ராபெலாங் வளவில் மட்டும் பதினொரு மரமும் பச்சை இலை விட்டுக்கொண்டு சும்மா நின்றன. தவறிப்போய்த் தப்பிய ஒன்றிரண்டு பூக்கள் அங்கங்கே தெரிந்தன, அது இன்னும் கேவலமாக இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“ந்தாதே மரத்துக்கும் வெடி வச்சுட்டார் போல,” என்று குழாயடியில் மாந்தாபி ஆரம்பித்தாள். அதோடு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வெடிக்காரர்.

மூன்றாம் நாள் ராபெலாங் தடியை ஊன்றிக்கொண்டு பாதையைக் கடந்து வந்தார். இந்தப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை. குழாயடியில் பெண்கள் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உன் மரமும் பூக்கலையே!” என்றார். அதில் ஒரு சின்ன ஆறுதல் தேடுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. “ரெண்டு பேருக்கும் ஒரே பூச்சி விழுந்திருக்கு. மருந்து என்னன்னு உனக்குத் தெரியும்.”

“பூச்சி இல்லை, ந்தாதே. பூக்கற குச்சியை வெட்டிட்டோம்.”

“உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“எனக்குத் தெரியும். நான் தெரிஞ்சேதான் வெட்டினேன்.”

அவர் திரும்பி அவளுடைய மொட்டை மரத்தைப் பார்த்தார். மெல்ல மெல்ல முகம் மாறியது. ஒரு பெண் தன் முதல் பழத்தைத் தானே அறுத்துப் போடுவாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. மாபுலெங் அந்த முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இரண்டு வருடம் காத்திருந்தது இதற்காகத்தான். இனித்தது, அவ்வளவு இனித்தது.

அப்போதுதான் அவர் கண் வேலியோரம் நட்ட ஒன்பது குச்சிகள் மேல் விழுந்தது. ஏழில் சின்ன இலை எட்டிப் பார்த்தது. “அது என்ன?”

“உங்க வாசல் மரம். கால் இருந்தா வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? கால் இல்லை அதுக்கு. நீங்களே சுவர் தாண்டித் தூக்கிப் போட்டீங்க.”

தடி ஒரு அடி முன்னால் வந்தது. பிடுங்கி எறியத்தான் வந்தது, சந்தேகமே இல்லை. குழாயடியிலிருந்து மாந்தாபி உரக்கக் கூப்பிட்டாள். “பாதையில கிடந்ததைக் கயிறு போட்டுக் கட்டினது, ந்தாதே! நாங்க நாலு பேர் பார்த்தோம்!”

ராபெலாங் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். திரும்பி நடக்க ஆரம்பித்தார். சுரங்கத்து இருமல் வழி மறித்தது, பாதை நடுவில் நின்று இருமினார். யாரும் சிரிக்கவில்லை. இருமல் அடங்கும் வரைக்கும் மாபுலெங் பொறுத்திருந்தாள்.

“மூணு வருஷத்துல காய்க்கும், ந்தாதே,” என்று குழாயடிக்கும் கேட்கும்படி சொன்னாள். “அப்ப வாங்க. உங்களுக்கு அஞ்சு பழம் தர்றேன். நானே எண்ணித் தர்றேன்.”