ஆட்டிடம் கேட்ட உத்தரவு

"தண்ணி ஊத்துனா எந்த ஆடும் சிலிர்க்கும்லா. அதப் போயி உத்தரவுங்கிறாங்களே" என்று சிரித்தான் காளிதாஸ்.

"வெட்டுறதுக்கு முன்னாடி அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்னு நினைச்சிருக்காங்க பாருங்க. அதைத்தான் நான் படிக்கிறேன்" என்றாள் அவன் மனைவி ஷாமளா.

"பேசத் தெரிஞ்சா வேணாம்னு சொல்லியிருக்கும்."

பேசிக்கொண்டே அவன் பைக்குள் சட்டைகளை அடுக்கினான். வேலைக்குப் போக தினமும் எல்லைப் பாலத்து ஜாமில் நின்று அலுத்துப்போய், சிங்கப்பூரிலேயே ரூம் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் ஷாமளாவிடம் சொன்னான். பேசத் தெரிந்த அவளோ, விட்டுப்போன சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு, பாலத்துக்கு இந்தப் பக்கம் தம்போய் வீட்டில் அவளுக்கு டிவிதான் துணை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால், மனிதரும் விலங்கும் பற்றிய அவளுடைய முதுகலை ஆய்வு. ஒரு ஆளுக்குச் சமைப்பது அவளுக்கு இன்னும் கைவரவில்லை. சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. 'வந்துடுங்க' என்று சொல்லிவிடலாம்தான். முடியாது என்று அவன் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே மாதங்கள் ஓடின.

ஆய்வுக்காகத்தான் இன்று சாஆ என்ற ஊருக்கு வந்திருந்தாள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே சின்ன முனியாண்டி கோயில். விபத்தில் மகன் பிழைத்ததற்குத் தோட்டத்து யோகேஸ்வரி நேர்ந்துவிட்ட கடா, மாலையோடு நின்றது. பூசாரி மணியம் மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். கடா சிலிர்க்கவில்லை. மறுபடி ஊற்றினார். அது மாலையிலிருந்த வேப்பிலையை மென்றது.

"குளிக்க வந்துச்சு போல" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

குடம் காலியானதும் யோகேஸ்வரி கயிற்றைக் கையில் வாங்கினாள். "கேட்டோம், வேணாங்குது. விடுங்கண்ணே. கோழி இருக்குல்ல."

"கோழியக் கேக்க மாட்டீங்களாக்கா?" என்றாள் ஷாமளா.

"அதையும் கேட்டா சோத்துக்கு என்ன டீச்சர் பண்றது?"

கேட்டது கிடைக்கவில்லை. அதற்காக யோகேஸ்வரியின் முகம் வாடவுமில்லை. கடாவோடு ஏதோ பேசிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் செம்பனைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்ற ஷாமளா, காருக்குள் உட்கார்ந்து காளிதாஸை அழைத்தாள்.

"என்ன, பூசை முடிஞ்சதா?"

"கடா உத்தரவு கொடுக்கல. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அலமாக், கெட்டிக்கார ஆடு." சிரித்து ஓய்ந்தவன் குரலைத் தணித்தான். "ஷாமளா, இந்த ஞாயிறும் ஓவர்டைம். வர முடியாது போல."

வழக்கமான 'சரிங்க' நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ரூம் எடுக்கும்போது நீங்க என்னைக் கேக்கல. நானும் வாயத் திறக்கல. இப்ப கேக்குறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, பரவால்ல."

"என்ன கேக்கப் போற?"

"ரூமக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. என்னால தனியா இருக்க முடியல."