காலாண்ட பூச்சி

எங்கள் ஊர் வல்லக்கோட்டை ஏரியில் என்னென்ன பறவை இறங்கும், கரைக்கு அப்பால் காட்டில் என்னென்ன ஓடும் என்று கல்யாணமான நாளிலிருந்து பீற்றிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி அருள்மேரிக்குக் காக்காயும் பல்லியும்தான் தெரியும். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி ஊரைக் கூட்டிவிடுவாள். காட்டியே தீர்வது என்று, ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். மச்சானின் பெட்டிக் கேமரா என் கழுத்தில் தொங்கியது.

நாரைகளைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஃபிலிம் தீந்துடுச்சு மேரி" என்று அசடு வழிந்தேன்.

"எனக்கு ஒண்ணுகூட வெக்கலியா? கொக்குங்களையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே!"

முயலாவது காட்டிச் சமாதானம் செய்யலாம் என்று வரப்பு தாண்டிப் புதர்க்காட்டுக்குள் கூட்டிப்போனேன். ஒரு கீரி குறுக்கே ஓடியதோடு சரி. அவள் ஒரு புதரோரம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, சருகோடு சருகாகக் கண்ணாடி விரியன் கிடந்தது.

"மேரி, அசையாத. காலாண்ட பூச்சி கீது."

எங்கள் ஊரில் பாம்பைப் பேர் சொல்லமாட்டோம், பூச்சி என்றுதான் சொல்வோம். அவளுக்கு அது எங்கே தெரியும்?

"ஒரு பூச்சிக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்று நசுக்குவதற்குக் காலைத் தூக்கினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாம்பு என்றால் துள்ளுவாள், துள்ளினால் அதன்மேல்தான் விழுவாள். சொல்லாவிட்டால் மிதிப்பாள். என் கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

"அப்படியே நில்லு! போட்டோ எடுக்குறேன். ஆடாத!"

கேமரா என்றால் எங்கள் ஜனம் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ளும். அவளும் ஒற்றைக் காலில், பல் தெரியச் சிரித்தபடி நின்றாள்.

விரியன் தலையைத் தூக்கியது. பிறகு மெல்ல ஊர்ந்து, அவள் ஊன்றிய காலை உரசிக்கொண்டு நகர்ந்தது. அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த ஜெபமும் வரவில்லை. வால்நுனி புதருக்குள் மறைந்தபின் கேமராவை இறக்கினேன்.

"போயிடுச்சா?" என்றாள், சிரிப்பு மாறாமல்.

"இன்னாது?"

"பாம்பு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தூக்கிய காலை அப்போதுதான் கீழே வைத்தாள். வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"ஃபிலிம் தீந்துடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."